புழுதியை நிறுத்தியவர்கள்

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டீசல் எஞ்சின் அந்த அளவோடு நிற்காது, எப்போதும் தேவைக்கு மேலேயே இழுக்கும். சங்ககிரியில் கிளம்பும் ஒரு பிக்கப் வண்டி கோயம்புத்தூர் போய்த் திரும்புவதற்குள் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் காற்றைக் குடித்திருக்கும். முன்னால் போகிற லாரி கிளப்பிய மண், எம்-சாண்ட் லோடிலிருந்து பறக்கும் பொடி, ரோடு வேலை நடக்கிற இடத்துத் தூசி எல்லாம் அந்தக் காற்றோடுதான் வருகின்றன. அவற்றுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நிற்பது மடிப்பு மடிப்பாக மடித்த ஒரு காகிதம். நாங்கள் அதை எலிமென்ட் என்போம்.

சங்ககிரியில் அப்பா வைத்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையை இப்போது நான் நடத்துகிறேன். எலிமென்ட் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி, "ஏனுங்கக்கா, இதுல காத்து நல்லாப் போகுங்களா?" என்பதுதான். புழுதியை நிறுத்துமா என்று கேட்பவர் அபூர்வம். ஏர் ஃபில்டரின் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதையைத் தேடிப் படித்தபோது, இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் அந்தக் கதை முழுவதும் நடந்திருக்கிறது என்று கண்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புழுதிதான் முதல் கேள்வி.

ஆரம்ப காலத்து மோட்டார் வண்டிகளில் ஏர் ஃபில்டர் என்று ஒன்று கிடையாது. கார்புரேட்டரின் வாய் திறந்தே கிடந்தது. நகரத்துச் சாலையில் ஓய்வாக ஓடிய காருக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. குறையைக் காட்டிக்கொடுத்தது டிராக்டர். தான் கிளப்பும் புழுதிக்குள்ளேயே மெதுவாக, முழுப் பாரத்தோடு, காலை முதல் மாலை வரை ஓட வேண்டிய வண்டி அது.

1915-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற இளைஞர் டிராக்டர் விற்கும் வேலையில் இருந்தார். வறண்ட மேற்குப் பகுதியில் ஒரு விவசாயி வாங்கிய டிராக்டர் சீக்கிரமே எஞ்சின் தேய்ந்து படுத்துவிட்டது. காற்று வழியாக உள்ளே போன மண்தான் காரணம் என்று டொனால்ட்சனுக்குப் புரிந்தது. கம்பியில் ஒரு கூடு செய்து, அதன்மேல் துணியைச் சுற்றிக் காற்றுக் குழாயின் வாயில் மாட்டினார். அந்த ஆண்டே குடும்பத்தாரோடு சேர்ந்து அதை ஒரு தொழிலாகவும் தொடங்கினார். டொனால்ட்சன் என்ற பெயர் இன்றும் பெரிய லாரிகளின் ஃபில்டர் டப்பாக்கள் மேல் இருக்கிறது.

துணிக்கு மாற்றாகத் தண்ணீரையும் முயன்றார்கள். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் காற்றைத் தண்ணீரில் அலசி அனுப்பும் ஒரு தொட்டி இருந்தது. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றிப்போகும், குளிர்நாட்டில் உறைந்துபோகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பண்ணையில் ஹாஃப்மன் என்பவர் 1920-களின் தொடக்கத்தில் அன்று சந்தையில் கிடைத்த ஏர் கிளீனர்களை எடுத்து, அளந்த தூசியைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். விற்கிறவன் வாய்ச்சொல்லை நம்பாமல் தூசியை எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

தண்ணீரின் இடத்துக்கு எண்ணெய் வந்தது. அதுதான் ஆயில் பாத். எங்கள் ஊர்ப் பட்டறைகள் இரண்டு தலைமுறையாகக் கட்டி மேய்த்த சாமான் அது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

ஒரு தகரக் குடுவை. அடியில் கிண்ணம். கிண்ணத்தில் கோடு போட்ட அளவுக்கு எஞ்சின் ஆயில். நடுக்குழாய் வழியாகக் காற்று வேகமாகக் கீழே இறங்கி, ஆயிலின் மேல்மட்டத்தை மோதி, சட்டென்று திரும்பி மேலே ஏற வேண்டும். காற்று லேசானது, திரும்பிவிடும். மண் துகள் கனமானது, அதனால் திரும்ப முடியாது. நேராகப் போய் ஆயிலில் விழும். தப்பிய துகளைப் பிடிக்க மேலே கம்பிச் சுருள் அடைத்திருக்கும். காற்றோடு தெறித்த ஆயில் அந்தக் கம்பியை நனைத்து வைக்கும், தூசி அதில் ஒட்டும், ஆயில் மறுபடி கீழே வடியும்போது தூசியையும் கழுவிக்கொண்டு இறங்கும். தேயும் உறுப்பு ஒன்றும் இல்லை. வாங்கவேண்டிய ஸ்பேரும் இல்லை. கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த கறுப்புச் சேற்றை வழித்து, டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றி மாட்டினால் தீர்ந்தது.

இந்தியா டீசலுக்கு மாறிய காலமும் ஆயில் பாத்தின் காலமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. 1954-இல் டாடாவின் டெல்கோ மெர்சிடிஸ்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1955-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது. சென்னை செம்பியத்தில் டாஃபே 1960-இல் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களோடு வந்தது. 1963-இல் மகிந்திராவும் சேர்ந்து தொடங்கிய இண்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி பி-275 டிராக்டரைக் கொண்டுவந்தது. அந்த டிராக்டர் எஞ்சினின் வழிவந்ததுதான் பின்னாளில் மகிந்திரா ஜீப்பில் உட்கார்ந்த டீசல் எஞ்சின். அதே வம்சத்தின் 2,523 சிசி எஞ்சின்தான் பொலேரோ பிக்கப்பையும் இழுத்தது. உழவுக்குப் பிறந்த எஞ்சின் சரக்கு வண்டிக்கு வந்த கதை இது. இந்திய டிராக்டர்களில் ஆயில் பாத் வெகுகாலம் நிலைத்துவிட்டது. மேலே கண்ணாடி மாதிரிக் கிண்ணம் வைத்த ப்ரீ-கிளீனரோடு இன்றும் எங்கள் பக்கத்து வயல்களில் அதைப் பார்க்கலாம்.

ஆயில் பாத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, காற்று வேகமாக ஓடினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். வண்டி ஐடிலில் நிற்கும்போது காற்றின் மோதல் தளர்ந்துவிடும். பொடித்தூசி ஆயிலைத் தொடாமலே நழுவும். நூற்றுக்கு 95, 98 பங்கு மண்ணைப் பிடித்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். மீதி இரண்டும் ஐந்தும் வருடக்கணக்கில் பிஸ்டன் ஓடும் லைனரைத் தின்றன. மண்ணில் பெரும்பங்கு சிலிக்கா. இரும்பு லைனரைவிடக் கடினமானது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவிலுள்ள ஆயில் படலத்துக்குள் புகுந்து உரசும். கண்ணுக்குத் தெரிகிற மண்ணைவிடத் தெரியாத மண்ணே கொடியது.

இரண்டாவது குறை உயிருக்கே ஆபத்து. கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றிவிட்டால், எஞ்சின் காற்றோடு ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். பெட்ரோல் வண்டி என்றால் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். டீசலுக்குப் பொறி வேண்டாம். அமுக்கத்தின் சூட்டிலேயே எரியும். பம்பில் டீசலை நிறுத்தினாலும், காற்றுக் குழாய் வழியாக வரும் ஆயிலே எரிபொருளாகிவிடும். அப்பா இளவயதில் வேலை பார்த்த பட்டறையில் அப்படி ஒரு எஞ்சின் தறிகெட்டு ஓடியதைச் சொல்வார். வெள்ளைப் புகை பட்டறையை மூடிவிட்டது, சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். மூத்த மெக்கானிக் ஒருவர் மட்டும் ஈரச்சாக்கை மடித்து ஒரு பலகையோடு சேர்த்துக் காற்றுக் குழாயின் வாயில் அழுத்திப் பிடித்தார். காற்று நின்ற பிறகுதான் எஞ்சின் நின்றது. "காத்த அடைச்சாத்தான் டீசல் வண்டி சாகும், மறந்துறாதே கண்ணு" என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கிண்ணத்தில் இருக்கிற கோடு எதற்கு என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

காற்றா, புழுதியா என்ற வழக்கு இரண்டாம் உலகப்போரிலும் நடந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு ஸ்பிட்ஃபயர் விமானங்களை அனுப்பியபோது, பிரிட்டிஷ்காரர்கள் மூக்குக்குக் கீழே வோக்ஸ் ஃபில்டர் என்ற பெரிய பெட்டியை மாட்டினார்கள். மணல் நின்றது. ஆனால் விமானத்தின் வேகமும் ஏறும் திறனும் குறைந்தன, விமானிகளுக்கு அது பிடிக்கவில்லை. எகிப்தின் அபூகிர் என்ற இடத்திலிருந்த விமானப்படைப் பட்டறைக்காரர்கள் அதைவிடச் சின்னதாக, லேசாக ஒரு ஃபில்டரைத் தாங்களே செய்து மாட்டினார்கள். அபூகிர் ஃபில்டர் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அந்தப் பட்டறைக்காரர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. வேகம் வேண்டும் என்பதற்காக ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிடாமல், புழுதியையும் நிறுத்தி வேகத்தையும் மீட்கும் வழியைத் தேடினார்கள்.

போருக்குப் பிறகு காகிதம் வந்தது. சாதாரணக் காகிதம் இல்லை. மரக்கூழ் நாரைப் பிசினில் ஊறவைத்துச் சுட்டுக் கெட்டியாக்கிய காகிதம். அதை விசிறி மாதிரி மடித்தால் ஒரு சின்ன வட்டத்துக்குள் பெரிய பரப்பு அடங்கிவிடும். 1950-களிலும் 60-களிலும் மேலைநாடுகளில் பரவிய இந்த எலிமென்ட், எங்கள் பக்கம் சாவகாசமாகத்தான் வந்தது. 1986-இல் டாடா 407 வந்தது. 1988-இல் டாடா மொபைல் 206 வந்து, அதன் வழியில் 207 பிக்கப் வந்தது. எண்பதுகளின் கடைசியில்தான் அப்பா எங்கள் கடைப் பரணில் எலிமென்ட்களை அடுக்க ஆரம்பித்தார்.

டிரைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆயில் பாத்துக்குச் செலவு ஒரு கிண்ணம் ஆயில், அதையும் பலர் எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலிலேயே முடித்துக்கொண்டார்கள். காகிதத்துக்கோ ஒவ்வொரு முறையும் காசு. அதனால் அதையும் ஆயில் பாத் போலவே சுத்தம் செய்து திரும்பப் போடலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். டயரில் தட்டினார்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றை வெளியிலிருந்து உள்ளே பீய்ச்சினார்கள். சிலர் சோப்புத் தண்ணீரில்கூட அலசி வெயிலில் காயவைத்தார்கள். முன்தலைமுறைச் சாமானில் சரியாக இருந்த பழக்கம் அடுத்த தலைமுறைச் சாமானைக் கெடுத்தது. என் அனுபவத்தில், அழுக்கு எலிமென்ட்டால் கெட்ட எஞ்சினைவிட, அழுக்கு எடுக்கப்போய்க் கெட்ட எஞ்சின்தான் அதிகம்.

காகித எலிமென்ட் புதிதாக இருக்கும்போதுதான் அதன் வடிகட்டும் திறன் குறைவு. ஓட ஓட மடிப்புகளின் மேல் மெல்லிய தூசிப் படலம் கட்டும். அந்தப் படலமே அடுத்து வரும் பொடித்தூசியைப் பிடிக்கும். அதைத் தட்டி உதறுகிறவர் வடிகட்டியின் பாதியை உதறிவிடுகிறார். கம்ப்ரசர் காற்றை அடித்தால் நாருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அப்புறம் அது பார்க்கச் சுத்தமாக இருக்கும், இழுவையும் நன்றாக இருக்கும், மண்ணும் தாராளமாகப் போகும். கடையில் யாராவது அடித்துச் சுத்தம் செய்த எலிமென்ட்டைக் கொண்டுவந்தால், உள்ளே டார்ச்சை விட்டு இருட்டில் சுற்றிக் காட்டுவேன். ஊசிமுனை மாதிரி வெளிச்சப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். "இது தட்டிப் போட்டா ஆகாதுங்களாக்கா?" என்று கேட்ட தம்பி ஒருவர், அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் புது டப்பாவைக் கையில் எடுத்தார்.

உலகத்தில் எந்த மூலையில் ஃபில்டர் செய்தாலும் சோதிப்பது பெரும்பாலும் அரிசோனா மாநிலத்து மண்ணைக் கொண்டுதான். சால்ட் ரிவர் பள்ளத்தாக்கில், உழும் டிராக்டர்களுக்குப் பின்னால் எழுந்த புழுதியைச் சேகரித்துச் சலித்ததில் தொடங்கியது அந்த வழக்கம். இன்று அது அளவு பிரித்து, தரம் குறித்து, டப்பாவில் அடைத்து விற்கப்படுகிறது. ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனையில் அந்தத் தூசியை எடைபோட்டு ஊட்டி, எவ்வளவு நின்றது, எவ்வளவு தாண்டியது, காற்றுக்கு எவ்வளவு தடை ஏற்பட்டது என்று மூன்றையும் அளக்கிறார்கள்.

நல்ல ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளம்பரம் அவற்றில் ஒன்றை மட்டும் காட்டும். 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்காக எண்ணெயில் நனைத்த பருத்தித் துணி ஃபில்டரை கே அண்ட் என் செய்ய ஆரம்பித்தது. கழுவிக் கழுவிப் போடலாம், காற்றுத் தடை குறைவு. பந்தயத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அந்த வகைத் துணி பிறகு அமெரிக்க டீசல் பிக்கப்களுக்கும் பரவியது. 2004-இல் அங்கே டூராமாக்ஸ் டீசல் பிக்கப்புக்கான ஃபில்டர்கள் பலவற்றை ஐஎஸ்ஓ 5011 முறையில் சோதித்தார்கள். எண்ணெய்ப் பருத்தி 97 சதவீதத்தை ஒட்டி நின்றது. காகித ஃபில்டர்களில் சிறந்தது 99.9 சதவீதத்தைத் தாண்டியது. எண்ணைப் பார்த்தால் மூன்றே சதவீத வித்தியாசம். தாண்டிய தூசியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு கிராம் தூசி வந்தால் அந்தக் காகிதம் விட்டது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; துணி விட்டது மூன்று கிராம். முப்பது மடங்குக்கும் மேல். கல்குவாரிக்கு லோடு எடுக்கப் போகிற பிக்கப்புக்கு அந்த வகை வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்புவது இந்தக் கணக்கை வைத்துத்தான். மழையில் நனைந்த தார்ச்சாலையில் மட்டும் ஓடுகிறவருக்கு என் எச்சரிக்கை அவ்வளவு தேவைப்படாது.

2005-இல் டாடா ஏஸ் வந்தது, 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. சின்ன வண்டிகள் ஊர் ஊராகப் பெருகின. 2017-இல் பிஎஸ்-4, 2020-இல் பிஎஸ்-6 என்று புகை விதிகள் இறுகின. காற்றை அமுக்கித் தரும் டர்போவும் டீசலைப் பாய்ச்சும் காமன் ரயிலும் சாதாரணமாகிவிட்டன. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் மண்ணடித்தால் பிளேடு முனை ரம்பம் ரம்பமாக அரித்துப்போகும். காற்றை அளக்கும் சென்சாரும் குழாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எண்ணெய்த் துணியிலிருந்து கசியும் எண்ணெய் அதன்மேல் படிந்தால் அளவே தப்பாகும். ஆயில் பாத் காலத்தில் லைனரோடு போன நஷ்டம் இப்போது டர்போ, சென்சார், புகைக்குழாய் ஃபில்டர் என்று வரிசையாகப் போகிறது.

இதையெல்லாம் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் முன்னால் கற்றவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். போர்வெல் ரிக்கோடு வடமாநிலங்கள் எல்லாம் போய் மாதக்கணக்கில் தங்கிப் பாறையைத் துளைப்பவர்கள். கம்ப்ரசர் எஞ்சின், தான் கிளப்பும் வெள்ளைப் பாறைமாவுக்குள்ளேயே நின்று ஓடும். அவர்கள் வண்டியில் சுழற்காற்று ப்ரீ-கிளீனர், வெளி எலிமென்ட், அதற்குள்ளே ஒரு பாதுகாப்பு எலிமென்ட் என்று மூன்று அடுக்கு இருக்கும். வெளி எலிமென்ட்டை மாற்றும்போதுகூட உள் எலிமென்ட்டைத் தொட மாட்டார்கள்; கழற்றுகிற அந்த நொடியில் விழும் மாவு நேராக எஞ்சினுக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். "எலிமென்ட்டுல மிச்சம் புடிச்சா எஞ்சின்ல குடுக்கோணுமுங்க" என்று ஒரு ரிக் மேனேஜர் சொல்வார். அவர்கள் பேரம் பேசாமல் வாங்குவதற்கு இதுதான் காரணம்.

எலிமென்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது என் கை முதலில் போவது காகிதத்துக்கு இல்லை, ரப்பருக்கு. டூப்ளிகேட் எலிமென்ட்டில் காகிதம் ஓரளவு நன்றாக இருந்தாலும் முனை ரப்பர் கல்லாக இருக்கும். அமுக்கினால் அமுங்கித் திரும்ப எழ வேண்டும். எழவில்லை என்றால் கூட்டுக்குள் சரியாக உட்காராது. காற்று காகிதத்தைச் சுற்றிக்கொண்டு ஓரத்தால் போய்விடும். அப்புறம் 99.9 சதவீதக் காகிதம் இருந்து பயனில்லை. அடுத்து மடிப்புகளைப் பார்ப்பேன். மடிப்புக் குறைந்தால் பரப்புக் குறைவு, சீக்கிரம் அடைக்கும். சமமாக நிற்காமல் சாய்ந்து ஒட்டியிருந்தால் பசை சரியில்லை. பிறகுதான் டப்பாவையும் விலையையும்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எலிமென்ட் மாற்றும்போது, ஃபில்டர் கூட்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். லேசான ஆயில் ஈரம் இருந்தால் பரவாயில்லை. துணியில் மண் நிறம் தெரிந்தால் எலிமென்ட், ரப்பர் சீல், ஹோஸ், கிளிப் இந்த நான்கில் ஏதோ ஒன்று விட்டிருக்கிறது; அதைக் கண்டுபிடிக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடைப்பைச் சிவப்பில் காட்டும் இண்டிகேட்டர் இருந்தால் அது சொல்லும் வரை எலிமென்ட்டைக் கழற்ற வேண்டாம். இல்லாவிட்டால் கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டரில் மாற்றுங்கள், குவாரி வண்டி என்றால் அதில் பாதியில் மாற்றுங்கள். கம்ப்ரசர் காற்று மட்டும் வேண்டவே வேண்டாம்.